அடிக்காத பந்து

ஒன்பது நாள் கழித்து சென்னியப்பன் கிளப்புக்கு வந்தார். கையில் மட்டை இல்லை. சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

கோயம்புத்தூரில் அந்தக் கிளப்பில் அப்போது ஒரே ஒரு ஸ்குவாஷ் கோர்ட்தான். நான்கு சுவர், மரத்தரை, பின்சுவரில் ஒரு சிறிய கதவு. நடுவில் வலை கிடையாது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று முன்சுவரில் மாறி மாறி அடிக்க வேண்டும். தரையைத் துடைப்பது, புதியவர்களுக்குக் கற்றுத்தருவது, மேலே கேலரியில் உட்கார்ந்து புள்ளி சொல்வது எல்லாம் பிலவேந்திரனின் வேலை. மார்க்கர் என்பார்கள். சென்னியப்பனைவிடப் பத்து வயது சிறியவர். ஆனாலும் சென்னியப்பன் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

பிலவேந்திரன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெய்வசிகாமணி சார் எப்படி இருக்காருங்க?"

"நான் இன்னும் போய்ப் பாக்கலை."

துடைப்பது நிற்கவில்லை.

"நாளைக்கு ரெண்டாவது ஆபரேஷன். வலது கண்ணுல பார்வை திரும்புமான்னு கேட்டா டாக்டர் பேச்சை மாத்தறாராம். அவன் சம்சாரம் போன் பண்ணுச்சு. 'ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணா, உங்களைத்தான் கேட்டுட்டே இருக்காரு'ன்னு."

"போயிட்டு வரலாமேங்க."

"போய் என்ன சொல்றது? அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

சென்னியப்பன் தாளை விரித்தார்.

"விதிப் புத்தகத்துல இருந்து எடுத்தது மாஸ்டர். அடிச்ச பந்து நேரா முன்சுவருக்குப் போற வழியில எதிராளி மேல பட்டா, அடிச்சவனுக்குப் பாயிண்ட். போட்டிருக்குதா இல்லையா?"

"போட்டிருக்குதுங்க."

"அன்னிக்கு நீங்களே மேல இருந்து சொன்னீங்க. 'பத்துக்கு ஒன்பது, சென்னியப்பன் சார்'னு. என் காதுல விழுந்துச்சு."

"சொன்னேங்க. அவர் கண்ணைப் பொத்திட்டு உக்கார்றதுக்கு முன்னாலயே வாயில வந்துடுச்சு."

"அப்ப நீங்களும் என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஆட்டத்துல நடந்தது, சென்னியப்பன் மேல தப்பில்லைன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவான்."

பிலவேந்திரன் துணியைப் பிழிந்து போட்டார்.

சென்னியப்பனும் தெய்வசிகாமணியும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. இருவருக்கும் ஒரே வருஷத்தில் சர்க்கரை வந்தது. டாக்டர் வியர்க்கச் சொன்னார். நான்கு மாதமாக வாரம் மூன்று காலை வந்து வியர்த்தார்கள்.

அடித்ததும் எதிராளிக்கு வழிவிட்டு விலக வேண்டும். முன்னால் ஆள் நின்றால் அடிக்காமல் நிறுத்திவிட்டு லெட் என்று கேட்க வேண்டும். அந்தப் பந்தை மறுபடி ஆடலாம். முதல் நாள் பிலவேந்திரன் சொன்னது இவ்வளவுதான். தெய்வசிகாமணி பெரிய உடம்புக்காரர். அடித்துவிட்டு நடுவிலேயே நிற்பார்.

"காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுத்தி வர்ற மாதிரி உன்னைச் சுத்த வேண்டியிருக்குது. நகருடா."

"ஆண்டவன் குடுத்த உடம்பு. எங்கடா கொண்டுபோய் வைக்கிறது?"

அன்றைக்கு சென்னியப்பன் எட்டு முறை லெட் கேட்டார். எட்டு முறையும் கிடைத்தது. ஒன்பதுக்கு ஒன்பதில் தெய்வசிகாமணி திரும்பிச் சிரித்தார்.

"கேட்டுக் கேட்டே ஜெயிச்சுடலாம்னு பாக்கறயா மாப்ள? அடிச்சு ஜெயிடா!"

அடுத்த பந்துக்கு சென்னியப்பன் கேட்கவில்லை. அடித்தார்.

பிலவேந்திரன் அலமாரியிலிருந்து இரண்டு மட்டைகளை எடுத்தார். ஒன்றை நீட்டினார்.

"உள்ள வாங்க சார்."

"நான் ஆட வரலை மாஸ்டர்."

"ஒரே ஒரு பந்துங்க."

சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கதவோரம் ஆணியில், கண்ணில் பந்து படாமல் போட்டுக்கொள்ளும் இரண்டு கண்ணாடிகள் தொங்கின. அன்றும் அங்கேதான் தொங்கின. வியர்வையில் மங்குகிறது என்று இருவரும் அணிவதில்லை.

ஆறிய பந்து எழும்பாது. பிலவேந்திரன் தனியாக முன்சுவரில் அடித்து அதைச் சூடாக்கினார். முப்பது அடி, நாற்பது அடி. சென்னியப்பன் பின்னால் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பிலவேந்திரன் கோர்ட்டின் நடுவில் வந்து நின்று ஒரு பந்தைத் தளர்வாக அடித்தார். சுவரில் பட்டு, அவர் தோளை உரசினாற்போலத் தாண்டி, சென்னியப்பனின் மட்டைக்கு வசதியாக எழும்பியது.

சென்னியப்பன் மட்டையை ஓங்கினார்.

பிலவேந்திரன் விலகவில்லை. பந்து எங்கே என்று பார்ப்பவர்போல முகத்தைத் திருப்பினார். அன்று தெய்வசிகாமணி திரும்பியது போலவே. இரண்டு கண்களும் திறந்திருந்தன.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பந்து இரண்டு முறை துள்ளி, பின்சுவரோரம் உருண்டு போனது.

"லெட்," என்றார் சென்னியப்பன்.

"லெட் இல்லைங்க சார்."

"நீங்க முன்னால நிக்கறீங்களே."

"ஆமாங்க. இது ஸ்ட்ரோக்."

"அப்படின்னா?"

"பத்துக்கு ஒன்பது. பாயிண்ட் உங்களுக்கு."

"நான் அடிக்கவே இல்லையே மாஸ்டர்."

"அடிச்சிருந்தா நேரா சுவருக்குப் போற பந்துங்க. நடுவுல நான் நிக்கறேன். நீங்க நிறுத்திட்டீங்க. மறுபடி ஆட வேண்டியதில்லை. பாயிண்ட் உங்களுக்குத்தான்."

"நிறுத்தினாலுமா?"

"நிறுத்தினாலும்தாங்க."

சென்னியப்பன் மட்டையைத் தரையில் வைத்தார். அதைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தார்.

"அன்னிக்கும்?"

"அன்னிக்குந்தாங்க."

சென்னியப்பன் சுவரில் சாய்ந்து, மெல்ல வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். தாள் கையிலேயே இருந்தது. அதைப் படிக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை. மேலே கேலரியில் யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இப்படி ஒண்ணு இருக்குதுன்னு நீங்க எங்களுக்குச் சொன்னதே இல்லையே மாஸ்டர்."

"இல்லைங்க. புதுசா வர்றவங்களுக்குக் குழப்பம் வேண்டாம்னு எல்லாத்துக்கும் லெட்டே குடுத்துட்டிருந்தேன். அன்னிக்கு நீங்க கேட்ட எட்டுல மூணு ஸ்ட்ரோக்குங்க. நான் குடுத்திருந்தா ஒன்பதுக்கு ஒன்பதே வந்திருக்காது."

பிலவேந்திரன் மூலையில் கிடந்த பந்தை எடுத்தார். அது இன்னும் சூடாக இருந்தது. மட்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். கழுவின சட்டை ஒன்று அங்கே மாட்டியிருந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்திரிங்க சார். ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்."

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"வந்து அவன்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

பிலவேந்திரன் மேல் பொத்தானைப் போட்டு முடித்தார்.

"நிறுத்துங்கன்னு சொல்லிக்குடுத்தேன், நிறுத்தினா எதுவும் போயிடாதுன்னு சொல்லிக்குடுக்கலைன்னு சொல்லுவேங்க."