சடையன் கரடியும் கடுகினும் சிறிய பொட்டும்

சோலைக்காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தது. அதன் நுரையீரலில் நெல்லிக்காய் அளவில் ஒரு புற்றுக்கட்டி வந்தது. வைத்தியர் மரங்கொத்தி மார்பைத் தட்டிப் பார்த்தே அதைக் கண்டுபிடித்து, ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்துவிட்டது.

காயம் ஆறியதும் சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் வந்த முயல்களையெல்லாம் நிறுத்தித் தழும்பைக் காட்டியது. பலாப்பழ விருந்துக்குக் காட்டையே அழைத்தது.

விருந்துக்கு நடுவே தேவாங்கு நீலா வந்தது. வைத்தியர் வெட்டி எடுப்பதையெல்லாம் உற்றுப் பார்த்துச் சொல்வது அதன் வேலை.

"சடையண்ணே, கட்டிக்குப் பக்கத்தில் எடுத்த நிணநீர்க் கணு என்ற சின்ன முடிச்சையும் பார்த்தேன். அதற்குள்ளும் அதே நோய் பொட்டுப் பொட்டாக இருக்கிறது."

"எவ்வளவு பெரிசு?"

"கடுகில் பாதிகூட இல்லை. முதலில் என் கண்ணுக்கே தப்பிவிட்டது."

சடையன் வயிறு குலுங்கச் சிரித்தது. "உன் முட்டைக் கண்ணுக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். நெல்லிக்காயையே விரட்டியவன் நான், தூசிக்கா பயப்படுவேன்?"

விருந்துக்கு வந்திருந்த மரங்கொத்தி குறுக்கிட்டது. "கணுவை எடுத்தாயிற்று. ஆனால் நோய் இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பியிருக்கிறது. வேறெங்கோ போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். கசப்பு மருந்து குடித்தால் திரும்பி வரும் வாய்ப்பு குறையும்."

"குடித்தால் வரவே வராதா?"

"அப்படிச் சத்தியம் செய்ய மாட்டேன்."

சடையன் பலாச்சுளையை வாய்வரை கொண்டுபோனது. உள்ளே போகவில்லை.

"நீலா, அந்த நெல்லிக்காய்க் கட்டி முதன்முதலில் எவ்வளவு இருந்திருக்கும்?"

"இந்தப் பொட்டு அளவுதான், அண்ணே."

சடையன் சுளையைக் கீழே வைத்தது. மரங்கொத்தியின் பக்கம் திரும்பியது.

"வைத்தியரம்மா, மருந்தில் தேன் கலந்து தரலாமா?"

"கூடாது."

"சரி, கொடுங்கள்."

மருந்து குமட்டியது. முடியெல்லாம் கொட்டியது. "யாரப்பா இந்தப் பன்றி?" என்று குரங்குகள் கேட்டன. சடையன் புதருக்குள் ஒளிந்துகொண்டு குடித்தது. ஆனால் ஒரு வேளையும் தவறவிடவில்லை.

மெல்ல முடி முளைத்தது. மழைக்காலம்தோறும் மரங்கொத்தி மார்பைத் தட்டிப் பார்க்கிறது. அது வாய் திறக்கும்வரை சடையன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. "இந்த மழைக்கும் ஒன்றுமில்லை" என்று கேட்ட பிறகுதான் விடுகிறது.

பெரிய ஆபத்திலிருந்து தப்பியவர்கள், அது விட்டுப்போன சிறு தடயத்தையும் சிறிதென்று தள்ளிவிடக்கூடாது.