அத்தி மரத்துக்குக் காவல் வைத்த அணில்

காட்டு ஓடைக்கரையில் பெரிய அத்தி மரம் ஒன்று நின்றது. அதன் உச்சிக் கிளையில் செம்பி என்ற மலை அணில் கூடு கட்டிக் குடியிருந்தாள். பூனை அளவு உடம்பு. உடம்பைவிட நீளமான வால். அந்தக் காட்டில் அவளைப் போல் சுத்தம் பார்ப்பவர் யாருமில்லை! எழுந்ததும் கூட்டை உதறுவாள். சருகைத் தள்ளுவாள். வாலை வாரி முடித்த பிறகுதான் பழத்தில் வாய் வைப்பாள்.

அந்த மரம் வருஷத்தில் பல தடவை காய்க்கும். அடிமரத்திலிருந்து கிளை வரை கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும். இருவாச்சி, குக்குறுவான் முதலான பறவைகள், மான், கரடி என்று எல்லாருக்கும் அந்த மரத்தடிதான் சாப்பாட்டுப் பந்தி.

ஒரு நாள் எதிர்க்கரைக் கொன்றை மரத்திலிருந்து ஒரு மைனா வந்து உட்கார்ந்தாள்.

"செம்பி, எங்க கொன்றையைப் பார்த்தியா? இலையே தெரியாத அளவுக்குப் பூத்திருக்கு! உங்க மரம் என்னைக்காவது ஒரு பூ பூத்திருக்கா?"

"பூ எதுக்கு? எங்களுக்குத்தான் நேரா காயே வந்துடுதே!" என்றாள் செம்பி.

"பூக்காம காய்க்கிற மரம் உண்டா? இது ஏதோ சீக்குப் பிடிச்ச மரம். நம்பலைன்னா ஒரு பழத்தைப் பிட்டுப் பாரு!"

செம்பி ஒரு பழத்தைப் பிட்டாள். உள்ளே பொடிப்பொடியாகக் கறுப்புப் பூச்சிகள்!

"சீச்சீ! இத்தனை நாளா இதையா தின்னேன்?"

அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுத்தக்காரி என்று பெயர் எடுத்தவள் வீட்டிலேயே பூச்சி! கிளை கிளையாகத் தாவி, பூச்சி எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். ஓடை இறங்கி வரும் மேலாற்றுப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் குட்டிக் குட்டிக் குளவிகள் மிதந்து வந்தன. எள்ளில் பாதிகூட இருக்காது ஒவ்வொன்றும். அவை பிஞ்சுக் காய்களின் நுனியில் இருந்த சின்னத் துளைக்குள் முண்டி முண்டி நுழைந்தன.

"ஓகோ! திருட்டு வழி இதுதானா? இருங்க, உங்களைக் கவனிச்சுக்கறேன்!"

நேராகப் பக்கத்து நாவல் மரத்துக்குப் போனாள். அங்கே முசுறு எறும்புகள் இலைகளை ஒட்டிக் கூடு கட்டியிருந்தன.

"எங்க மரத்துக்குக் காவல் வேணும். ஒரு பூச்சிகூடக் காய்க்குள்ள போகக் கூடாது!" என்றாள் செம்பி.

"வர்ற பூச்சியை நாங்க தின்னுக்கலாமா?" என்று கேட்டாள் முசுறுத் தலைவி.

"தாராளமா!"

"அப்போ என்ன பேச்சு? எல்லாரும் கிளம்புங்கடி!"

பொழுது சாய்வதற்குள் அத்தி மரமெங்கும் செவ்வெறும்பு வரிசை. காய்க்குக் காய் காவல்!

மறுநாள் காலையில் குளவிகள் வந்தன. முசுறுகள் பாய்ந்தன. தப்பிய குளவிகள் சிதறி ஓடின. அவற்றில் ஒருத்தி மட்டும் செம்பியின் மீசை நுனியில் வந்து தொற்றிக்கொண்டாள். அவள் பெயர் பொடிச்சி.

"அக்கா, கொஞ்சம் வழி விடச் சொல்லுங்க! நான் பூவுக்குள்ள போகணும்!"

"பூவா? இந்த மரத்துல பூவே கிடையாதே!"

"இருக்கு அக்கா! காய்க்கு உள்ளேதான் இருக்கு. மேலாற்று அத்தி மரத்துலேருந்து மகரந்தம் கொண்டு வந்திருக்கேன்!"

செம்பி விழுந்து விழுந்து சிரித்தாள். "பூவுக்குள்ள காய் பார்த்திருக்கேன். காய்க்குள்ள பூவா? உன் உடம்புக்குப் பொய் ரொம்பப் பெரிசா இருக்கே! போடி அந்தப் பக்கம்!"

ஊஃப் என்று ஊதினாள். பொடிச்சி எங்கோ பறந்து போனாள்.

மரம் சுத்தமாகிவிட்டது. செம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. முசுறுகள் அத்தி இலைகளை ஒட்டி அங்கேயும் கூடு கட்டிக்கொண்டன. அவளையும் அவ்வப்போது கடித்தன. "காவல்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொறிந்துகொண்டே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆனால், பருக்க வேண்டிய பிஞ்சுகள் பருக்கவில்லை. வெளிறின. சுருங்கின. பொத் பொத்தென்று உதிர்ந்தன. மரத்தடியில் மான்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. குக்குறுவான்கள் வேறு காட்டுக்குப் போய்விட்டன.

ஒரு நாள் ஆண் இருவாச்சி ஒருவர் மூச்சிரைக்க வந்து கிளையில் இறங்கினார். அவர் மனைவி ஒரு மரப்பொந்துக்குள் இருந்தாள். வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு, அலகு நீட்டும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டிருந்தாள். உள்ளே ஒரு குஞ்சும் இருந்தது. இவர் கொண்டு போய் ஊட்டினால்தான் இருவருக்கும் சாப்பாடு.

"செம்பி, பழம் எங்கேம்மா? காலையிலேருந்து மலையைச் சுத்திட்டு வர்றேன். ரெண்டே பழந்தான் கிடைச்சுது. குஞ்சு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சு."

  'சுத்தம்தானே பண்ணினேன்? ஏன் இப்படி ஆச்சு?' என்று செம்பி மரம் முழுக்க ஏறி இறங்கினாள். கிளை கிளையாக ஒரே வெறுமை.

உச்சியில், எறும்புகள் கவனிக்காமல் விட்ட ஒரு மெல்லிய கொப்பின் நுனியில் ஒரே ஒரு காய் மட்டும் தளதளவென்று பருத்திருந்தது! செம்பி அதன் மேல் காதை வைத்தாள். உள்ளிருந்து முணுமுணுவென்று பாட்டுச் சத்தம் கேட்டது.

"யாரது உள்ளே?"

"நான்தான் அக்கா, பொடிச்சி! ஊதி விட்டீங்களே, இந்தக் காய் மேலதான் வந்து விழுந்தேன்!"

"நீ... நீ உள்ளே என்னடி பண்றே?"

"வேலை அக்கா, வேலை! எத்தனை பூ தெரியுமா? சுவரெல்லாம் பூ! ஒவ்வொண்ணுக்கும் மகரந்தம் தடவிட்டேன். தடவின பூவெல்லாம் இப்போ விதை பிடிக்குது. விதை பிடிச்சாத்தானே மரம் காயை விடாம வச்சுக்கும்? சில பூவுல என் முட்டையையும் வச்சிருக்கேன். நுழையும்போதே இறகு உதிர்ந்துபோச்சு, நான் இனி வெளியே வர மாட்டேன். என் பிள்ளைங்க வருவாங்க. அவங்களுக்கு மட்டும் வழி விடுங்க!"

சொல்லிவிட்டுப் பொடிச்சி மறுபடியும் பாட ஆரம்பித்தாள். செம்பி அந்தக் காயின் மேல் கன்னத்தை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு விறுவிறுவென்று இறங்கினாள். "காவல் போதும். எல்லாரும் உங்க நாவல் மரத்துக்கே போயிடுங்க!" என்றாள்.

"போறதா? இப்போ இது எங்க மரம்!" என்றாள் முசுறுத் தலைவி. "பிடிங்கடி அவளை!"

வாலெல்லாம் எறும்பு! செம்பி தாம் தூம் என்று குதித்தாள். ஆனாலும் விடவில்லை. கடி வாங்கிக்கொண்டே எறும்புக் கூடு இருந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாகக் கடித்துத் துண்டித்துக் கீழே தள்ளினாள். கீழே மொந்தன் என்ற கரடி பழம் தேடி வந்து நின்றான். அவன் மூக்கின் மேலேயே விழுந்தது ஒரு கூடு.

"ஐயோ, தெரியாம விழுந்துடுச்சு, மன்னிச்சுக்கோ!" என்று கத்தினாள் செம்பி.

மொந்தன் நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினான். கண்கள் விரிந்தன. "ஆகா! புளிப்பும் காரமுமா... இன்னும் இருக்கா?"

"நிறைய இருக்கு!"

"இத்தனை நாளா ஏன் சொல்லலே? போடு, போடு!"

செம்பி போடப் போட மொந்தன் உறிஞ்சினான். அதைப் பார்த்த முசுறுத் தலைவி, "பிழைச்சுக் கிடந்தா நாவலே போதும்!" என்று மிச்சக் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு வேகவேகமாக நடையைக் கட்டினாள். வாலும் மூக்கும் வீங்கிக் கிடந்த செம்பியைப் பார்த்து இருவாச்சிகூடக் கவலையை மறந்து சிரித்துவிட்டார்.

பொடிச்சியின் காய் பழுக்கும் வரை செம்பி அதைத் தொடவில்லை. ஒரு காலையில் அதிலிருந்து குட்டிக் குளவிகள் புறப்பட்டன. உடம்பெல்லாம் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு, வேறு அத்தி மரங்களைத் தேடிப் பறந்தன. "பத்திரமாப் போங்கடி செல்லங்களா!" என்று வாலை ஆட்டி வழியனுப்பினாள் செம்பி.

அதுவரை இருவாச்சி தூரத்து மலைகளில் கிடைத்ததைக் கொண்டு வந்து ஊட்டிச் சமாளித்தார். அடுத்த பிஞ்சுகள் விட்டபோது வேறு மரங்களிலிருந்து குளவிகள் புகைபோல் வந்தன. செம்பி கொம்பு கொம்பாக ஓடினாள். "வாங்க, வாங்க! இந்தக் கொத்துல இடம் இருக்கு! அங்கே நெரிசல், இப்படி வாங்க!"

காய்கள் பருத்தன. சிவந்தன. காடே பந்திக்கு வந்தது. பொந்துக்கும் மரத்துக்குமாக இருவாச்சி ஓயாமல் பறந்தார். சில நாளில் பொந்தின் மண் வாசல் உடைந்தது. கொழுகொழுவென்று குஞ்சு எட்டிப் பார்த்தது. தத்தித் தத்திப் பறந்து அத்திக் கிளையிலேயே வந்து இறங்கியது. செம்பி இருப்பதிலேயே சிவந்த பழத்தைப் பறித்து அதன் வாயில் வைத்தாள்.

நமக்குப் புரியாத ஒன்றைப் பழுது என்று முடிவு கட்டி விரட்டினால், விரட்டிய நாமும் பசியோடு நிற்க வேண்டி வரும்.