ஓட்டை அடைத்த வாளி

செங்கோடன் மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறியவர். அந்த உயரத்தில் நடுங்காத மனுஷன், அணைத் தண்ணீரில் பரிசல் லேசாக ஆடினால் போதும், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் வாரம் தவறாமல் அங்காயியின் பரிசலில் ஏறிவிடுவார். அவருக்கு அவள்தான் குரு.

அங்காயி மீன் பிடித்து விற்கிறவள். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். "நான் யாருக்கும் குரு இல்லீங்கண்ணா" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவர் கேட்டால்தானே? மனைவி செத்த வருஷம், பித்துப் பிடித்தாற்போல் கரையில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு ஏற்றி, ஒரு வார்த்தை பேசாமல் பொழுது சாயும்வரை மிதக்க விட்டாள். அன்றைக்குத்தான் அவருக்குத் தூக்கம் வந்தது. அதிலிருந்து அவள் சொன்னால் வேதவாக்கு. ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு ஐப்பசிக் காற்று. காற்றா அது, பேய்! மற்ற பரிசல்களெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அங்காயி மட்டும் கிளம்பினாள்.

அந்தக் குளிருக்கு ஜிலேபி மீன் ஒரே இடத்தில் கூடி நிற்காது, அங்கங்கே சிதறிக் கிடக்கும். துடுப்பை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு, காற்று தள்ளுகிற பக்கமே பரிசலை விட்டு, நாலு தூண்டிலைப் போட்டபடி போக வேண்டும். பரிசல் ஓடவும் கூடாது, நின்றுவிடவும் கூடாது. அதற்காக ஒரு பழைய பெயிண்ட் வாளியைக் கயிற்றில் கட்டிப் பின்னால் தண்ணீரில் விடுவாள். புகுந்த தண்ணீர் வெளியே போக, வாளியின் அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு வைத்திருந்தாள்.

அந்த வாளியைத்தான் செங்கோடன் போன வாரம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். குருவுக்கு ஏதோ நம்மால் ஆன சேவை என்று, தாரை உருக்கி ஊற்றி அத்தனை ஓட்டையையும் அடைத்து, அன்று காலை பெருமையோடு கொண்டுவந்து நீட்டினார்.

அங்காயி வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்களா அடைச்சீங்க?"

"ஆமாங்க தாயி. இனிமே ஒரு சொட்டு ஒழுகாது."

வாளியைப் பார்த்த கண்ணால் அவர் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, ஏறுங்க."

நடு அணைக்கு வந்து தூண்டில்களைப் போட்டு முடிக்கிறவரை செங்கோடன் பொறுத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தாயி, ஒண்ணு கேக்கணும். பெத்த பொண்ணு நம்மள விட்டுப் போகாம இருக்க என்ன பண்ணணும்?"

அவருக்கு ஒரே பெண், தேன்மலர். நர்ஸ் படிப்பு முடித்தவள். வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அசல் சர்டிபிகேட்டுகளோடு சென்னையில் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை போச்சு.

அங்காயி வாளிக் கயிற்றைப் பரிசல் விளிம்பில் இறுக்கி முடிந்தாள்.

"வாளியைப் போடுங்கண்ணா" என்றாள்.

போட்டார். வாளி நிரம்பியது, கயிறு விறைத்தது. அவ்வளவுதான்! காற்று பரிசலை அந்தப் பக்கம் தள்ளுகிறது, வாளி பாறாங்கல் மாதிரி இந்தப் பக்கம் பிடித்து இழுக்கிறது. கயிறு கட்டிய விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. முதல் அலை அவர் மடியில் வந்து விழுந்தது. அடுத்த அலையில் பாதம் மறைந்தது.

"ஐயோ தாயி! தண்ணி ஏறுது!"

"ஏறத்தான் செய்யும்."

செங்கோடன் முடிச்சின் மேல் பாய்ந்தார். நனைந்த கயிறு, இழுக்க இழுக்க இறுகியது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"கத்தியை எடுங்க! அறுத்து விடுங்க!"

கத்தி அவள் இடுப்பில்தான் இருந்தது. அவள் கையை அசைக்கவில்லை.

"தேன்மலரோட சர்டிபிகேட்டெல்லாம் எங்கண்ணா இருக்கு?"

செங்கோடனுக்கு ஒரு கணம் தண்ணீர்கூட மறந்துபோனது.

"அது... அது தொலைஞ்சு போச்சுங்களே."

"ஓஹோ."

இன்னொரு அலை. இப்போது கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகியது.

"தாயி, உங்களைக் கும்பிடறேன்! எனக்கு நீச்சல் தெரியாது தாயி!"

"எங்க இருக்கு?"

"என்கிட்டதான் இருக்கு! அவ அம்மா போட்டோவுக்குப் பின்னாடி! நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்!"

ஒரே வெட்டு. கயிறு அறுந்து வாளி அடியில் போய்விட்டது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி, நிமிர்ந்து, காற்றோடு ஓட ஆரம்பித்தது. தூண்டில் கயிறெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. அங்காயி ஒரு தகரப் போணியை அவர் கையில் திணித்தாள். இரண்டு பேரும் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார்கள். அவர் அள்ளிய அவசரத்தில் பாதித் தண்ணீர் திரும்ப உள்ளேயே விழுந்தது.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றார் கடைசியில்.

"யாரும் சொல்லலீங்க. நேத்து உங்க பொண்ணு வந்துச்சு. நாலு மாசமா தேடறேங்க்கா, ஹாஸ்டல், பஸ்ஸு, வீடுன்னு தேடாத இடமில்ல, நான்தான் எங்கயோ தொலைச்சுட்டேன், அப்பா முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்குன்னு ஏங்கி ஏங்கி அழுதுச்சு. அப்பாவும் பாவம், கூடவே தேடறாருன்னு சொல்லுச்சு. நானும் அதை நம்பிட்டேன். காலைல அந்த வாளியைப் பாத்த பிறகுதான், போற தண்ணியையே போக விடாம அடைச்ச மனுஷன் வேற எதை அடைச்சு வெச்சிருக்காரோன்னு சந்தேகம் வந்துச்சு."

செங்கோடன் போணியைக் கீழே போட்டார். முதலில் வந்தது வெட்கம். அதைத் தாங்க முடியாமல் அடுத்து வந்தது கோபம்.

"அதுக்குன்னு இப்படியா பண்ணுவாங்க? ரெண்டு பேரும் செத்திருப்போமே!"

"எனக்கு நீச்சல் தெரியுமுங்க."

"அப்ப நான்? உங்களை எவ்வளவு நம்பினேன்! கண்ணு முன்னால ஒருத்தன் உயிருக்குப் பதறறான், இடுப்புல கத்தியை வெச்சுக்கிட்டு எப்படிங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

அங்காயி துடுப்பை எடுத்துக் கரையைப் பார்த்துத் திருப்பினாள்.

"நான் ரெண்டு நிமிஷந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க நாலு மாசம் எப்படிண்ணா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"