மஞ்சப்பையில மண்ணு

குருன்னா தாடி இருக்கணும், காவி கட்டணும், கண்ண மூடிக்கினு ஒக்காந்திருக்கணும்னு நெனச்சீங்கன்னா, எத்திராஜோட குருவப் பாத்து ஏமாந்து போயிடுவீங்க. பேரு டெய்சி. வயசு முப்பது கூட ஆகல. தாடி கெடையாது, முட்டியில பேண்டேஜ் உண்டு. ஒரு காலத்துல கோல்கீப்பரு. இப்ப கல்மண்டபம் கிரவுண்டுல பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் கத்துக் குடுக்கறா.

சிஷ்யனுக்கு அம்பது தாண்டிடுச்சு. கேஸ் சிலிண்டர் போடற வேல. ஃபுல் சிலிண்டர தோள்ல வெச்சிக்கினு மூணு மாடி மூச்சு வாங்காம ஏறுவாரு. ஆனா பெனால்டின்னு விசில் ஊதிட்டா போதும், பாக்க தெகிரியம் இல்லாம முதுகக் காட்டிக்கினு நிப்பாரு.

அப்டி ஒரு தபா முதுகக் காட்டிக்கினு நின்னப்ப தான் பக்கத்துல இருந்த டெய்சி, "இடது பக்கம் பாயறான், புடிச்சிடுவான்"னு சொன்னா. சொல்லி முடிச்சப்புறம் தான் பந்தையே ஒதச்சாங்க. கீப்பர் இடது பக்கம் பாஞ்சான். புடிச்சிட்டான்.

அன்னிக்கே எத்திராஜ் முடிவு பண்ணிட்டாரு, இவ தான் நம்ம குருன்னு. அவ வேணாம் ண்ணான்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல.

அவரோட டீமு கல்மண்டபம் பிரதர்ஸ். மூணாவது டிவிஷன். அதுக்குக் கீழ டிவிஷனே கெடையாது, அதனால கீழ எறங்கிடுவோம்ன்ற பயமும் கெடையாது. ஆனா இந்த வருசம் என்னவோ புள்ளைங்க வெறியாட்டம் ஆடிட்டானுங்க. சொந்த கிரவுண்டுல எவன் வந்தாலும் வாரி வுட்டு அனுப்பிட்டானுங்க. கடைசியா ஒரே ஒரு மேட்ச் பாக்கி. ஞாயித்துக்கிழம, அரக்கோணத்துல, அரக்கோணம் ரோவர்ஸ் கூட. ஜெயிச்சா அங்கயே கப்பு. ரெண்டாவது டிவிஷனுக்கு ஏறிடலாம். டிரா பண்ணா கூட கப்பு அவனுங்களுக்கு.

இதுல ஒரு சிக்கலு. வெளியூர்ல பிரதர்ஸ் ஒரு மேட்ச் கூட ஜெயிச்சதில்ல.

இதுக்கு எத்திராஜ் ஏற்கெனவே ஒரு வைத்தியம் வெச்சிருந்தாரு. வெளியூர் கிரவுண்டுன்னா நம்ம புள்ளைங்களுக்குக் காலு கூசுது, நம்ம மண்ணு அங்க இருந்தா கூசாதுன்னு கண்டுபுடிச்சாரு. அதனால வெளியூர் மேட்ச்சுன்னா, நம்ம கிரவுண்டு கோல் போஸ்ட் வாசல்லேர்ந்து ஒரு மஞ்சப்பை மண்ணு அள்ளிக்குவாரு. கீப்பர் கால் பட்ட மண்ணுல தான் சத்து ஜாஸ்தின்றது அவரோட கணக்கு. அங்க போனதும் நம்ம கீப்பர் நிக்கற கோலுக்குப் பின்னாடி தூவிட்டு, தொட்டுக் கும்புடுவாரு. மொத மேட்ச்ல எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டாவது மேட்ச்ல எல்லாரும் கூட சேர்ந்து கும்புட்டாங்க. அதுவே பழக்கமாயிடுச்சு.

கும்புட்டுக் கும்புட்டுத் தோத்தாங்க.

இந்த வாரம் பேச்சு மாறிடுச்சு. ஆரம்பிச்சு வெச்சவன் லாரன்ஸு. ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கறவன், ரசிகருங்களுக்குத் தலைவன் மாதிரி. டீக்கடையில நின்னுக்கினு, மண்ணு மேல தப்பு இல்ல, தூக்கினு வர ஆளு மேல தான் தப்புன்னான். எத்திராஜண்ணனுக்கு மனசு நல்ல மனசு, ராசி தான் கெட்ட ராசின்னான். ஒத்தன் அதுக்கு மேல போயி, அவரு அரக்கோணம் வராததோட நிக்கக் கூடாது, மேட்ச்ச போன்ல லைவ்ல கூட பாக்கக் கூடாது, கண்ணு அது வழியாவும் போகும்னான். இன்னொத்தன், ஞாயித்துக்கிழம மேட்ச் முடியற வரைக்கும் அவருக்கு நாலு மாடி வீடா பாத்து சிலிண்டர் ஆர்டர் போடுவோம்னு ஐடியா குடுத்தான்.

எத்திராஜ் அந்த டீக்கடைக்குள்ள தான் ஒக்காந்திருந்தாரு. பாதி டீயோட எழுந்து வந்துட்டாரு.

வூட்ல சம்சாரம் விசயத்தக் கேட்டுட்டு, நல்லதாப் போச்சு, ஞாயித்துக்கிழம நீ எப்டி இருப்பன்னு நானும் இத்தினி வருசத்துல பாத்ததே இல்லன்னு சொல்லிச்சு. மனுசன் சிரிக்கல. அப்ப தான் அதுக்குப் புரிஞ்சிச்சு, இது வெளையாட்டுக்குச் சொல்ற எடம் இல்லன்னு.

எத்திராஜுக்கு லாரன்ஸ் மேல கோவம் கூட இல்ல. ராத்திரியெல்லாம் ஒண்ணே ஒண்ணு தான் கொடஞ்சிச்சு. அவன் சொன்னது நெசமா இருந்துட்டா? நாம போயி, நம்மளால தோத்துட்டா? போவாம இருந்து, ஜெயிச்சிட்டா? இதுல எது பெரிய வலின்னு அவருக்கே தெரியல.

வெள்ளிக்கிழம சாயங்காலம் மஞ்சப்பையத் தூக்கினு கிரவுண்டுக்குப் போனாரு. டெய்சி பொண்ணுங்கள அனுப்பிட்டு, கோன் எல்லாம் அடுக்கிக்கினு இருந்தா.

"குரு, ஒண்ணு கேக்கணும்."

"கேளு ண்ணா."

"நான் வரட்டா? வேணாமா?"

டெய்சி வான்னும் சொல்லல, வராதன்னும் சொல்லல. கோனக் கீழ வெச்சிட்டு, பையில மண்ணு இருக்கான்னு கேட்டா. இருக்குன்னாரு. அந்தக் கோலுக்குப் பின்னாடி ஒரு புடி போடுன்னா. பயபக்தியா போட்டாரு.

"இங்க யாரு நிக்கறா?"

"நம்ம கீப்பரு. ஆல்ட்ரினு."

டெய்சி கழுத்துல தொங்கின விசில எடுத்து நீளமா ஒரு ஊது ஊதினா.

"ஹாஃப் டைம் ஆயிடுச்சு. சைடு மாறியாச்சு. இப்ப இங்க யாரு நிக்கறா?"

எத்திராஜ் கோலப் பாத்தாரு. மண்ணப் பாத்தாரு. எதிர்க் கோலப் பாத்தாரு. இத்தினி மேட்ச்சா செகண்ட் ஹாஃப் முழுக்க எதிரி கீப்பரு நம்ம மண்ணு மேல நின்னுருக்கான். நாம தோள்ல செமந்துனு போயி, அவன் காலுக்கடியில போட்டு, தொட்டு வேற கும்புட்டுருக்கோம்.

"புரிஞ்சிடுச்சு குரு"ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு.

டெய்சி இன்னாவோ சொல்ல வாயெடுத்தா. அதுக்குள்ள ஆளு கிரவுண்டு கேட்டத் தாண்டிப் போயிட்டாரு.

அவருக்குப் புரிஞ்சது இன்னான்னா, ஒரு பை பத்தாது. ரெண்டு பை வேணும். மொத பாதிக்கு ஒண்ணு, ரெண்டாவது பாதிக்கு ஒண்ணு.

ஞாயித்துக்கிழம காலையில கிரவுண்டு வாசல்ல பஸ்ஸு நின்னுச்சு. மூணாவது டிவிஷன்ல டீமுக்கு ஒரு பஸ்ஸு, ரசிகருக்கு ஒரு பஸ்ஸுன்னு எல்லாம் கெடையாது. முன்னாடி பாதி பிளேயருங்க, பின்னாடி பாதி ரசிகருங்க, கூரை மேல சட்டி மேளம். லாரன்ஸ் புது ஃப்ளெக்ஸ கட்டியிருந்தான். 'அரக்கோணமே, கதவச் சாத்திக்கோ'ன்னு அதுல எழுதியிருந்துச்சு. நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வெச்சான். அஞ்சாவதா ஒண்ண எடுத்தாந்து படிக்கட்டுக்குக் கீழ வெச்சான். அது எத்திராஜுக்கு.

எத்திராஜ் ரெண்டு தோள்லயும் ரெண்டு மஞ்சப்பைய மாட்டிக்கினு வந்தாரு. நடையில ஒரு மிதப்பு. லாரன்ஸ் படியில நின்னு ரெண்டு கையையும் நீட்டி மறிச்சான். அவன் மொகத்துலயும் சந்தோசம் இல்ல, பயம் தான்.

"கோச்சிக்காத ண்ணா. இந்த ஒரு மேட்ச்."

எத்திராஜ் ரெண்டு பை, ரெண்டு பாதின்னு சொல்லி வெளக்கப் பாத்தாரு. எவனும் காதுல வாங்கல. பைய மட்டும் குடு, நாங்க தூவிக்கறோம், நீ நிம்மதியா வூட்ல இருன்னாங்க.

டெய்சி கூட்டத்த வெலக்கிக்கினு வந்தா. அவரு தோள்லேர்ந்து ரெண்டு பையையும் கழட்டினா. நொண்டிக்கினே கிரவுண்டுக்குள்ள போனா. மொத்தக் கூட்டமும் பின்னாடியே போச்சு. கோல் வாசல்ல நின்னா. அங்க பாத்தா, எத்திராஜ் வருசம் பூரா அள்ளி அள்ளி ஒரு பள்ளமே விழுந்து கெடக்குது. எருமை படுத்தா எழுந்து வராது, அவ்ளோ சொகுசு.

டெய்சி மொத பையக் கவுத்தா. ரெண்டாவதையும் கவுத்தா. செருப்பக் கழட்டிட்டு, நல்ல காலால மண்ண மிதிச்சி சமம் பண்ணா.

எத்திராஜ் ஓடியாந்து அந்த மண்ணு முன்னாடி குந்திட்டாரு.

"குரு, அங்க நம்ம மண்ணு வேணாமா?"

டெய்சி லாரன்ஸப் பாத்துத் திரும்பினா.

"லாரன்ஸு, ஹாஃப் டைம்ல நீ எங்க இருப்ப?"

லாரன்ஸ் தலையச் சொறிஞ்சான். பஜ்ஜி வாங்கப் போவேன்னான். அவன் பக்கத்துல இருந்தவன், போறவன் செகண்ட் ஹாஃப் பாதியில தான் வருவான், எங்களுக்கும் வாங்கியாற மாட்டான்னு போட்டுக் குடுத்தான். கூட்டம் சிரிச்சிச்சு.

டெய்சி எத்திராஜ் பக்கம் திரும்பினா.

"ண்ணா, சைடு மாறிச்சு. மண்ணு போட்ட எடத்துலயே கெடந்துச்சு. நீ எங்க போன?"

எத்திராஜுக்கு இது ஒரு கேள்வியாவே தெரியல.

"ஆல்ட்ரின் பின்னாடி தான். வேற எங்க போவேன்?"

"நடந்தா?"

"ஓடித்தான். அவன் வந்து நின்னுத் திரும்பிப் பாக்கறதுக்குள்ள நான் அங்க இருக்கணும்ல."

கூட்டத்துக்குப் பின்னாடி ஆல்ட்ரின் நின்னுக்கினு இருந்தான், கையில கிளவுஸோட. பேசவே பேசாத புள்ள. மேட்ச்ல கூட கத்தி டிஃபென்ஸக் கூப்புட மாட்டான், கை தட்டித் தான் கூப்புடுவான். அவன் மெதுவா சொன்னான், மண்ணு இருந்துச்சா இல்லியான்னு அவனுக்குத் தெரியவே தெரியாதாம். எந்த ஊரு, எந்த சைடுன்னாலும் முதுகுக்குப் பின்னாடி ஒரு உடஞ்ச தொண்ட கத்தும். அது கேட்டுச்சுன்னா கல்மண்டபத்துல நிக்கற மாதிரியே இருக்குமாம். அண்ணன் இன்னிக்கு வரலியான்னு கேட்டான்.

அப்புறம் ஒவ்வொத்தனுக்கா ஞாபகம் வந்துச்சு. தோத்துட்டுத் திரும்பற பஸ்ல எல்லாரும் ஜன்னல்ல தலையச் சாச்சிக்கினு வரப்ப, பாட்டு பாடறேன்னு தொந்தரவு பண்ணிக்கினு வந்தது யாருன்னு ஒத்தன் கேட்டான். அந்தக் கழுதக் கொரலத் தாங்காம தான் அழுகைய நிறுத்தினேன்னு செண்டர் ஃபார்வர்டு சொன்னான்.

லாரன்ஸ் போனான். படிக்கட்டுக்குக் கீழ வெச்ச அஞ்சாவது எலுமிச்சம்பழத்த எடுத்து, யாரும் பாக்காத மாதிரி பாக்கெட்ல போட்டுக்கினான். எல்லாரும் பாத்தாங்க. அப்புறம் வழிய விட்டுத் தள்ளி நின்னு, "ஏறு ண்ணா. ஹாஃப் டைம்ல நானும் ஓடியாறேன்"னான்.

எத்திராஜுக்கு ஏறத் தெரியல. மூணு மாடி ஏறற மனுசன், மூணு படிக்கட்டுல தடுமாறினாரு. பின்னாடிலேர்ந்து பத்து கை தூக்கி உள்ள போட்டுச்சு. கூரை மேல சட்டி மேளம் ஆரம்பிச்சிச்சு. பஸ்ஸோட தகரத்துல ரெண்டு பக்கமும் அடி விழுந்துச்சு. டிரைவரு மேளத்துக்குத் தாளமா ஹாரன் அடிச்சாரு. எதிர் வூட்டு மாடியில துணி காயப் போட வந்த பொம்பளைங்க, ஜெயிச்சிட்டு வந்துட்டாங்க போலன்னு கை தட்டினாங்க. இன்னும் கெளம்பவே இல்லன்னு யாரும் அவங்களுக்குச் சொல்லல.

டெய்சி கடைசியா வந்தா. காலிப் பை ரெண்டையும் ஒதறினா. ஒண்ண மடிச்சி இடுப்புல சொருவிக்கினா. இன்னொண்ண எத்திராஜ் மடியில போட்டா.

எத்திராஜ் பையத் தூக்கிப் பாத்தாரு. உள்ள கைய விட்டுப் பாத்தாரு. ஒரு துளி மண்ணு இல்ல.

"குரு, மண்ணத் தான் கொட்டிட்டியே. காலிப் பைய இன்னாத்துக்குக் குடுக்கற?"

பஸ்ஸு நகந்துச்சு. டெய்சி கம்பியப் புடிச்சிக்கினு அவரத் திரும்பிப் பாத்தா.

"கப்பக் கையிலயா தூக்கினு வருவ?"