துண்டால் கட்டிய கால்

"வண்டியில பிரேக் சரியில்ல அம்மணி," என்றார் அருளப்பன்.

வெள்ளையம்மா தன் ஜீப்பிலிருந்து மிளகு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது. பத்து வருஷமாக அந்த மலையில் ஜீப் ஓட்டுகிறாள். அருளப்பனுக்கு ஐம்பத்தொன்பது. சமவெளியில் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இவளிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல். எரிச்சலைவிடப் பயம் அதிகம்.

"என்ன ஆச்சுங்கண்ணா?"

"செம்மண் இறக்கத்துல வண்டி பக்கவாட்டுல போயிருச்சு. இன்னும் ஒரு சாண் போயிருந்தா பள்ளம்."

"வண்டியில ஆளுங்க?"

"மூணு பேரும் இருந்தாங்க."

மேல் ஊரில் மூன்று பேருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு முறை கீழே ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உயிர் தங்கும். அவர்களுக்காகவே வாங்கிய கனத்த ஃபோர் வீல் ஜீப்பைத்தான் அருளப்பன் இப்போது ஓட்டுகிறார். வண்டி வழுக்கிய நாளிலிருந்து மூவரும் அந்த இறக்கத்தை நடந்தே கடந்தார்கள். போன வெள்ளிக்கிழமை பாப்பாத்தி பாதி வழியில் மயங்கி விழுந்தாள்.

"இனிமே ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னுட்டா அம்மணி. ரெண்டு புள்ளைக இருக்குது அவளுக்கு."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளையம்மா டீ வாங்கிக் கொடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைவில் ஒரு லாரி திரும்பியது. அருளப்பனின் வலது கால் தரையை அழுத்தியது. ரோட்டின் குறுக்கே ஒரு மாடு வந்தது. கால் மறுபடியும் அழுத்தியது. மனுஷர் டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா, போலாம்."

செம்மண் இறக்கத்தின் உச்சியில் அவர் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மண் பளபளவென்று கிடந்தது.

"எஞ்சினை அணைங்க. கை பிரேக்கைப் போடுங்க. நாலு சக்கரமும் மெதுவா இழுக்கற மாதிரி லோவுல தள்ளி, ஒண்ணாவது கியரைப் போடுங்க."

போட்டார்.

"தோள்ல இருக்கற துண்டைக் குடுங்க."

கொடுத்தார். அவள் குனிந்து, அவருடைய இரண்டு காலையும் பின்னுக்குத் தள்ளி, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியோடு சேர்த்துக் கட்டினாள்.

"விளையாடறியா அம்மணி?"

"நானும் பக்கத்துலதானுங்க உக்காரப் போறேன். எனக்கும் ஒரு உசுருதான். கியர்லயே சாவியைத் திருப்புங்க. கை பிரேக்கை விடுங்க."

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி உயிர் பெற்றது. மூக்கைக் கீழே சாய்த்தது.

"அவுத்து விடு!"

"ஸ்டீயரிங்கைப் பாருங்க."

அருளப்பனின் கால் துண்டைப் பிய்த்துவிடுவதுபோல் இழுத்தது. முடிச்சு இறுகியது. பின்பக்கம் லேசாக வழுக்கிச் சாய்ந்தபோது அவர் சாமியைக் கூப்பிட்டார், வெள்ளையம்மாவைத் திட்டினார். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. சக்கரங்கள் ஆமைபோல் உருண்டன. சாய்ந்த பின்பக்கம் தானாகவே நேரானது.

அடிவாரத்தில் சாவியை அணைத்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"இப்ப நான் என்ன பண்ணுனேன்?"

"ஒண்ணும் பண்ணலீங்க. ஈர மண்ணுல பிரேக்கை மிதிச்சாத்தான் வழுக்கும்; சும்மா விட்டா எஞ்சினே வண்டியைப் புடிச்சுக்கும்," என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பாப்பாத்தியின் வாசலில் நின்று கெஞ்சி, அவளை வண்டியில் ஏற்றினார். மற்ற இருவரும் அரைமனதாக ஏறினார்கள். இறக்கத்தின் உச்சியில் நிறுத்தி, "எறக்கம் வந்துருச்சு பாப்பாத்தி. எறங்கறதுன்னா எறங்கிக்க," என்றார்.

இறங்கி நடக்க அவளுக்குத் தெம்பில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நடக்கறது நடக்கட்டும். போங்கண்ணா."

அருளப்பன் இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். துண்டு தோளில்தான் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானைக்குள்ளிருந்து பாப்பாத்தி அதட்டினாள்.

"என்னங்கண்ணா, இன்னும் நின்னுட்டே இருக்கறீங்க? எறங்கப் போறீங்களா இல்லையா?"

அருளப்பன் அப்போதுதான் இறக்கத்தைத் தாண்டி, அடிவாரத்துத் தார் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.