மடப்பள்ளியில் கேட்ட குரல்

"சாமி, கூட வேலை பார்க்கிறவன் தப்பாப் பேசினா என்ன பதில் சொல்றது?"

ஏகாம்பரம் கேட்டார். மலையடிவார மடத்தில் முப்பது வருஷமாகச் சமைக்கிறவர். சாமிக்கு வயசே முப்பதுதான். ஆனாலும் மனசில் முள் தைத்தால் ஏகாம்பரம் அவரிடம்தான் வருவார்.

வெயில் ஏற வேண்டிய நேரம். பனி இன்னும் விலகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சாமியின் முகம் பாதிதான் தெரிந்தது.

"என்ன பேசினார்?"

"விறகு பிளக்கிற ஜதுநாத்தை மடப்பள்ளிக்கு எடுத்துக்கலாமான்னு எங்க ரெண்டு பேரையும் கேட்டீங்க இல்லையா? அதுக்குத்தான் சிற்றம்பலம்..."

ஜதுநாத் ஒடிசாக்காரர். அவர் ஊரைக் கடல் கொண்டுபோய்விட்டது. இங்கே வந்து இரண்டு வருஷத்தில் தமிழும் நன்றாகப் பேச வந்துவிட்டது. மனைவிக்கு இப்போது ஏழாம் மாசம். விறகு வேலை இந்த வாரத்தோடு முடிகிறது. மடப்பள்ளியில் இடம் கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இரண்டு சமையல்காரர்களும் சரி என்றால்தான் புது ஆளை உள்ளே விடுவார்கள்.

"அவர் சொன்னபடியே சொல்லுங்க."

"'இந்த வடக்கத்தியானுங்கள்ல ஒருத்தனை உள்ள விட்டா ஊரே வந்து உக்காந்துக்கும். சுத்தம்னா என்னன்னு தெரியாத ஜனம். இன்னிக்கு விறகு, நாளைக்குக் கரண்டி, மறுநாள் நம்மளையே வெளியே தள்ளிடுவானுங்க.' இப்படிச் சொன்னார் சாமி."

ஒரு இடத்தில்கூட நாக்குத் தடுக்கவில்லை. ஏகாம்பரத்துக்கே அது என்னவோ போலிருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் வாயைக் கட்டியிருந்தேனே சாமி."

அந்த மடத்தில் அப்படி ஒரு வழக்கம். படையலுக்கு முன்னால் சோற்றின் மேல் மூச்சுக்காற்று படக் கூடாது. அதனால் சமைக்கிறவர்கள் மூக்கையும் வாயையும் வெள்ளைத் துணியால் கட்டிக்கொள்வார்கள். பூசை மணி அடிக்கும்வரை பேச்சு கிடையாது. சிற்றம்பலத்துக்கு மட்டும் துணி ஒரு பொருட்டே இல்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார். துணிதான் பாவம்.

"பூசை முடிஞ்சு துணியை அவிழ்த்தீங்களே. அப்புறம்?"

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார்.

"சிற்றம்பலம் நேத்தே வந்து ரெண்டு பேருக்கும் சம்மதமில்லைன்னு சொல்லிட்டார்" என்றார் சாமி. "இன்னிக்குக் காலையில ஜதுநாத் விடைபெற வந்தார். மடப்பள்ளியில பேசினதை ஜன்னலுக்கு வெளியே விறகோட நின்னு கேட்டாராம். யார் பேசினதுன்னும் சொன்னார்."

"நல்லதாப் போச்சு சாமி. அந்த மனுஷனுக்கு எப்பவுமே..."

"உங்க பேரைத்தான் சொன்னார்."



"என் பேரையா? உள்ளே ஒரே ஆவி சாமி. ரெண்டு பேர் முகத்திலயும் துணி. ஆள் மாறிப் போயிருக்கும்."

"இருக்கலாம். மத்தவங்களையும் கேட்டுட்டு வாங்க."

மடப்பள்ளிக்குப் பின்னால் வடிவு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு, நேத்து உள்ளே பேசினது யாரும்மா?"

"நீங்கதானேண்ணே." அவள் அரைப்பதை நிறுத்தவில்லை.

"சிற்றம்பலம்தாம்மா பேசினது!"

"உங்க குரல் எனக்குத் தெரியாதாண்ணே?"

நந்தவனத்தில் நமசிவாயம் பூக்கட்டிக்கொண்டிருந்தார். அவரும் தலை நிமிரவில்லை.

"நீங்கதான் பேசினீங்க. ஏன், மறந்துபோச்சா?"

ஏகாம்பரம் பயந்துபோனார். மடப்பள்ளிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆள் இல்லை. அடுப்பு ஆறிக் கிடந்தது. தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"நான் பேசலை."

வெளியே வந்தது சிற்றம்பலத்தின் குரல்.

அதே இழுவை. அதே கரகரப்பு. இன்னொரு முறை சொல்லிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

சாமியிடம் ஓடினார். வாயைத் திறக்கவே பயந்து, கையால் கழுத்தைக் காட்டினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

சாமி சாலைப் பக்கம் கை நீட்டினார்.

"பஸ் பதினோரு மணிக்கு."

ஏகாம்பரம் போய்ச் சேர்ந்தபோது பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜதுநாத்தின் மனைவி உள்ளே உட்கார்ந்துவிட்டாள். மூட்டையை ஏற்றிவிட்டு ஜதுநாத் படியில் நின்றார்.

"தம்பி." தன் குரலா இல்லையா என்று கவனிக்கக்கூட ஏகாம்பரத்துக்கு நேரமில்லை. "நேத்து பேசினது நான் இல்லைப்பா. சிற்றம்பலம்."

"தெரியும் அண்ணா."

"தெரிஞ்சுமா சாமிகிட்ட என் பேரைச் சொன்னே?"

"சிற்றம்பலம் அண்ணா நான் வந்த நாள்லேருந்து அப்படித்தான் பேசறார். எனக்கு அது காதுல விழறதே இல்லை. நேத்து ஜன்னல்கிட்ட நின்னு உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"நான் வாயே திறக்கலையேப்பா."

"ஆமா அண்ணா. மணி அடிச்சு, நீங்க துணியை அவிழ்த்து, கை கழுவி, வெளியே போற வரைக்கும் நின்னேன்."

கண்டக்டர் விசில் ஊதினார்.

எதிர் டீக்கடையில் சிற்றம்பலம் டம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"யோவ் ஏகாம்பரம், நேத்து நீ வேணாம்னு சொன்னே, நான் ஆமான்னேன். இப்போ எதுக்குய்யா போறவனை மறிக்கிறே?"

கேலி இல்லை. பொய்யும் இல்லை. அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. அது முகத்திலேயே தெரிந்தது. இப்போது வாயைத் திறந்தால் எந்தக் குரல் வரும் என்று ஏகாம்பரத்துக்கே தெரியாது. கடையில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வாயைத் திறந்தார்.

"நீ சொன்னது தப்பு, சிற்றம்பலம். இந்த ஆளுக்கும் சுத்தம் தெரியும், இவன் பெண்டாட்டிக்கும் தெரியும். எனக்கு இவன் மடப்பள்ளியில வேணும். சாமிகிட்ட நானே போய்ச் சொல்றேன். இனிமே இப்படிப் பேசினா நான் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்."



சிற்றம்பலம் ஏகாம்பரத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.

"யாருய்யா பேசறது?"

மூட்டையை இறக்கிக்கொண்டே ஜதுநாத் சொன்னார்.

"ஏகாம்பரம் அண்ணா."