எழுபதாம் சாலுக்குப் பதில் இல்லை

"மூன்று பேர் சேர்ந்து தண்ணீர் இறைக்கிறார்கள் என்றால், மேலே ஏறுகிறவன் முதலில்…" என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர் பேசத் தொடங்கினார். முதலில் எதையோ கீழே வைத்துவிட்டு ஏற வேண்டும் என்றார். எதை என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கே நினைவுக்கு வரவில்லை. மறந்துபோன அந்த இடத்தில் ஒரு கதை வந்து உட்கார்ந்துகொண்டது. சிறியவர்களும் கேட்கலாம், பெரியவர்களும் கேட்கலாம்.

வெகு காலத்துக்கு முன்பு, மழை குறைந்த ஒரு நாட்டை இளவேங்கை என்ற அரசன் ஆண்டுவந்தான். அந்த நாட்டில் ஆலங்கரை என்றொரு ஊர். அங்கே கீரன், பூதன், அந்துவன் என்று மூன்று நண்பர்கள். மூவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் சிறு சிறு கழனிகள். ஆளுக்கொரு கிணறு. ஆனால் ஏற்றம் இறைப்பது மட்டும் எப்போதும் மூவரும் சேர்ந்துதான்.

ஏற்றம் தெரியுமா? உயரமான தூணின்மேல் நீளமான ஒரு மரம் குறுக்கே கிடக்கும். அதன்மேல் ஒருவன் நடப்பான். கிணற்றுப் பக்கம் நடந்தால் தண்ணீர் மொள்ளும் சால் உள்ளே இறங்கும். திரும்பி நடந்தால் நிரம்பிய சால் மேலே வரும். கரையில் நிற்கிறவன் அதைக் கவிழ்ப்பான். இன்னொருவன் மண்வெட்டியோடு ஓடி ஓடி வாய்க்காலைப் பார்த்துக்கொள்வான்.

அந்துவன் மேலே. கீரன் கரையில். பூதன் வாய்க்காலில்.

எத்தனை சால் என்று கீரன் பாடியே எண்ணுவான். அவன் பாட்டு வெறும் எண்ணிக்கையாக இராது. அன்றன்றைய கவலையெல்லாம் அதில் வந்துவிடும். பத்துக்கு ஒரு முறை மேலே இருக்கிறவன் பதில் பாட வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

கீரனின் உழவுமாடு நொண்டியானபோது, "பத்தாம் சாலு, என் மாட்டுக்கு மூணே காலு!" என்று அழாத குறையாகப் பாடினான். "ஏரு பூட்ட நாங்க நாலு காலு!" என்று மேலிருந்து பதில் வந்தது. மறுநாள் பூதனும் அந்துவனும் தோளில் நுகத்தை வைத்துக்கொண்டு உழுதார்கள். பூதன் வீட்டுக் கூரை காற்றில் பறந்தபோதும் அப்படித்தான். பாட்டில் வந்தது கவலை. பொழுது சாயுமுன் ஓலை முடைந்து, கூரை ஏறிவிட்டது.

அந்தக் கோடையில் அந்துவனின் கிணறு வற்றியது. தோண்டத் தோண்டப் பாறைதான். தொலைதூரத்து மேய்ச்சல் காட்டிலிருந்து மைத்துனன் ஆள் அனுப்பினான்: "மச்சான், அக்காளையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு இங்கேயே வந்துருங்க." கண்காணாத காடு. போனால் திரும்பி வருவது நடக்காத காரியம்.

அந்துவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. 'மாடு போய் ஒருத்தன் இப்போதுதான் எழுந்திருக்கிறான். கூரை போய் இன்னொருத்தன் இப்போதுதான் எழுந்திருக்கிறான். என் பாரத்தையும் அவர்கள் தலையில் வைப்பதா?' என்று நினைத்தான்.

அப்போதுதான் பறை அறைந்தார்கள்! அரசனின் குளக்கரையில் ஏற்றப் போட்டி! யார் நூறு சால் இறைத்துக் கல்தொட்டியை முதலில் நிரப்புகிறார்களோ, அவர்கள் கழனிக்கு அரசனின் பெரிய ஏரியிலிருந்து வாய்க்கால் வெட்டித் தரப்படும்!

அந்துவனுக்கு உயிர் வந்தது. வென்றால் ஊரில் இருக்கலாம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போட்டி நாளும் வந்தது. கரையெல்லாம் தலைகள். மரமெல்லாம் மனிதர்கள். எதிர் ஏற்றத்தில் மலையடிவாரத்து மூவர், அவர்களுக்குத் தலைவன் கொடும்பன், தூண் மாதிரி ஆள். கொம்பு ஊதியது. இரண்டு ஏற்றங்களும் எழுந்தன!

பத்து! இருபது! முப்பது! கீரன் பாட, அந்துவன் பதில் பாட, பூதன் தொட்டிக்குப் போகும் வாய்க்காலில் பறந்தான். நாற்பதில் ஆலங்கரைக்காரர்கள் முந்திவிட்டார்கள். கூட்டம் கூவியது. ஒவ்வொரு கூவலுக்கும் அந்துவன் கீழே தொட்டியைப் பார்த்தான். தோற்றால்? ஒரு சால் சிந்தினால்? ஒரு கால் தவறினால்?

ஐம்பதாம் சாலுக்கு அவன் பதில் மெதுவாக வந்தது.

அறுபதாம் சாலுக்குத் தாமதமாக வந்தது.

எழுபதாம் சாலுக்கு வரவே இல்லை.

கீரன் சாலைக் கரையில் வைத்துவிட்டான். பாட்டு நின்றது. ஏற்றம் நின்றது. மலையடிவாரத்தார் அப்போது அறுபத்தாறில் இருந்தார்கள்.

"ஏன்யா நிறுத்துறீங்க? இறைங்கய்யா!" என்று கூட்டம் அலறியது.

"தூக்கம் வந்துருச்சாக்கும்! பாய் கொண்டாரட்டுமா?" என்று இறைத்துக்கொண்டே சிரித்தான் கொடும்பன்.

கீரன் மேலே பார்த்தான். "டேய், என்னடா?"

"ஒண்ணுமில்லடா. இறை, இறை! முந்திருவாங்க!"

"முந்தட்டும். என்னன்னு சொல்லு."

"ஒண்ணுமில்லங்கறேன்ல!"

பூதன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "ஒண்ணுமில்லாதவனுக்கு ஏன்டா காலு நடுங்குது? கீழ விழுந்து செத்தா எங்களுக்கு வாய்க்கா எதுக்கு? எங்களையே பொதைக்கவா?"

அந்துவன் மரத்தின்மேல் அப்படியே உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். கிணறு வற்றியதைச் சொன்னான். மைத்துனன் அழைத்ததைச் சொன்னான். இன்று தோற்றால் ஊரைவிட்டுப் போகப்போவதைச் சொன்னான்.

எதிர்ப்பக்கம் சால்கள் ஏறிக்கொண்டே இருந்தன. எழுபத்தைந்து, எழுபத்தாறு.

"அடப்பாவி!" என்றான் பூதன். "இத்தனை நாள் மென்னு முழுங்கிட்டா இருந்தே? எங்க கிணத்துல தண்ணி இல்லையா? நான் பாதிக் கழனியில நெல்லை விட்டுட்டு வரகு போடறேன். வரகுக்குத் தண்ணி எவன் கேட்டான்?"

"நான் எள்ளு போடறேன்," என்றான் கீரன். "மிச்சத் தண்ணி உன் கழனிக்கு. மூணு நாளைக்கு ஒரு நாள் உன் முறை. ஜெயிச்சாலும் இதுதான், தோத்தாலும் இதுதான். இப்ப எந்திரி. என் மாட்டுக்காக ஏரு இழுத்தவன்தானே நீ? பாட்டுக்குப் பதில் சொல்லுடா!"

அந்துவன் எழுந்தான். எழுபதிலிருந்து தொடங்கினார்கள். எதிர்ப்பக்கம் எண்பது.

அடடா, அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன்! மரத்தின்மேல் அந்துவன் நடக்கவில்லை, ஓடினான். சால் இறங்கியது தெரியும், ஏறியது தெரியாது. எண்பதாம் சாலுக்கு அவன் பாடிய பதில் குளத்தின் மறுகரையில் எதிரொலித்தது. தொண்ணூறாம் சாலுக்குக் கூட்டமே சேர்ந்து பதில் பாடியது. கொடும்பனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தொண்ணூற்றாறு! தொண்ணூற்றேழு! தொண்ணூற்றெட்டு!

கொம்பு ஊதியது.

மலையடிவாரத்தாரின் தொட்டி நிரம்பிவிட்டது. இரண்டே சாலில் தோல்வி.

கீரனோ சாலை மறுபடி குளத்துக்குள் தள்ளினான். "தொட்டி ரொம்பலையேடா," என்றான். தோற்ற பிறகும் மீதி இரண்டு சாலையும் இறைத்துத் தொட்டியை நிரப்பினார்கள். நூறாம் சாலுக்கு மூவரும் சேர்ந்து பாடினார்கள்.

அரசன் அவர்களை அழைத்தான். "முந்திக்கொண்டு இருந்தீர்கள். நடுவில் ஏன் நிறுத்தினீர்கள்?"

"மேலே இருந்தவன் பதில் சொல்லலை, அரசே," என்றான் கீரன்.

"அதற்காக ஒரு வாய்க்காலையா விட்டீர்கள்?"

"வாய்க்கா இல்லாமலும் இறைச்சிருக்கோம், அரசே. இவன் இல்லாம இறைச்சதில்லை."

ஆனாலும் அரசன் சொன்ன சொல் சொன்னதுதான். வாய்க்கால் மலையடிவாரத்தாருக்கே போயிற்று. மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, கத்திப் பாடிக்கொண்டே ஆலங்கரைக்கு நடந்தார்கள். வழியில் பார்த்தவர்களெல்லாம் இவர்கள்தான் வென்றவர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கேட்டவர்களே, நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது தன் கவலையை ஒளித்து வைக்கிறவன், உதவ நீளும் அவர்கள் கைகளைத் தானே கட்டிப்போடுகிறான்.

மறுநாள் விடிந்ததும் அந்துவன், தான் வரப்போவதில்லை என்று மைத்துனனுக்கு ஆள் அனுப்பினான்.